விருந்தாளிக்கு லிமோனாட்

திங்கட்கிழமை காலையில் நாகலிங்கம் வீரசாமியின் வகுப்பறைக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்கு, அது வகுப்பா, சீனர் நடத்தும் மளிகைக் கடையா என்று சந்தேகம் வரும். மேசைமேல் பால் டப்பா, சோப்புச் சுற்றிய காகிதம், சார்டின் மீன் டப்பாவின் மூடி, தலைவலித் தைலப் புட்டி, பத்திரிகையிலிருந்து கத்தரித்த ரேடியோ விளம்பரம் எல்லாம் பரப்பிக் கிடக்கும். அவை மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. அந்த வாரத்துக் கட்டுரை அவற்றிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

மொரீசியஸில் உயர்நிலைப் பள்ளியைக் கல்லூரி என்பார்கள். இது போர்ட் லூயி நகரத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த ஒரு தனியார் கல்லூரி. ஆண்டு 1964. நாகலிங்கத்துக்கு வயது இருபத்தேழு. ஆங்கிலக் கட்டுரை அவர் பொறுப்பு. மற்ற ஆசிரியர்கள் 'விடியற்காலை', 'நேர்மை' என்று தலைப்புக் கொடுத்து மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யச் சொன்னபோது, அவர் மட்டும் வேறு வழியில் போனார். 'இதை உங்கள் வீட்டில் யார் வாங்கினார்கள்? வாங்கச் சொன்னது யார்? யார் தொடலாம், யார் தொடக் கூடாது?' இவற்றுக்குப் பதில் எழுத வேண்டும். பிறகு நான்கு பேராகச் சேர்ந்து, ஆளுக்கொரு வரியாக நீளத் தாளில் எழுதிக் கைமாற்றி, நால்வருக்கும் சொந்தமான ஒரே கட்டுரையாக்க வேண்டும். கடைசியில் ஒருவர் எழுந்து அதைப் பேச வேண்டும். மற்ற மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, குரல் எட்டாவிட்டால் உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டுவார்கள்.

அந்த வகுப்பின் கோமாளி எடி. தமிழ் வம்சத்துக் கத்தோலிக்கப் பையன். வெண்கல மணி போன்ற குரல். ஒரு திங்கட்கிழமை அவன் வெறுங்கையோடு வந்தான்.

"பொருள் எங்கே?" என்று நாகலிங்கம் கேட்டார்.

"கொண்டுவர விடலை சர். எங்க வீட்டு அலமாரியிலே லிமோனாட் பாட்டிலா அடுக்கி வச்சிருக்கு. பாதிரியார் வந்தா ஒண்ணு திறப்பாங்க. இன்சூரன்ஸ்காரர் வந்தா ஒண்ணு திறப்பாங்க. போன மாசம் எனக்குக் காய்ச்சல். ஒரு வாய் குடிக்கிறேன்னு கேட்டேன். 'நீ என்ன விருந்தாளியா?'ன்னு அம்மா கேட்டாங்க."

லிமோனாட் என்றால் அங்கே பாட்டிலில் அடைத்த இனிப்புச் சோடா. வகுப்பே சிரித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தெய்வானை என்ற பெண், "எங்க வீட்டிலேயும் அப்படித்தான். சொந்தக்காரங்களுக்குக் குசினியிலே டீ. வேத்து மனுஷங்களுக்கு முன்னறையிலே லிமோனாட்" என்றாள். குசினி என்றால் சமையலறை.

"இதை எழுதுங்கள். விளம்பரத்தில் இல்லாத விஷயம் இது" என்றார் நாகலிங்கம். அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

கல்லூரி முதல்வர் க்ளெமான் நல்ல மனிதர்தான். ஆனால் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதித் தேர்வு என்றால் அவருக்கு உயிர். டப்பாக்களைப் பார்த்த முதல் நாளே, "இந்த முறை எங்கே கற்றீர்கள், மிஸ்யே வீரசாமி?" என்று கேட்டார். பிரெஞ்சு வழக்கில் ஐயா என்பதற்கு அங்கே மிஸ்யே. "லண்டனில் வெளிவந்த ஒரு சிறு புத்தகம், மிஸ்யே" என்றார் நாகலிங்கம். லண்டன் என்ற பெயரைக் கேட்டதும் முதல்வர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்படி ஒரு புத்தகமே இல்லை.

அவர் அந்த முறையைக் கற்றது தேர் ரூஜ் என்ற ஊரில், தம் அக்கா பாக்கியத்தின் முதுகில். கரும்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தீவே கொந்தளித்த 1937இல் பிறந்தவர் அவர். அவருக்கு ஐந்து வயதானபோது உலகப் போர். பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் வருவது நின்றது. சோற்றுக்குப் பதில் கோதுமை மாவு வந்தது. துணியும் கிடைக்கவில்லை. காலியான மாவுச் சாக்குகளைப் பிரித்து, சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, ஏழை வீடுகளில் சட்டையும் பாவாடையும் ரவிக்கையும் தைத்துக்கொண்டார்கள். அம்மா மலேரியாவில் போய்விட, வீட்டில் ஊசி பிடித்தவள் அக்காதான். எத்தனை கொதிக்க வைத்தாலும் அந்தச் சாக்கின் நீல மை போகாது. கரும்புத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அக்கா முன்னே நடக்க, பள்ளிக்குப் போகும் தம்பி பின்னே நடப்பான். அவன் கண்ணுக்கு நேராக அந்த நீல எழுத்துகள் நடந்துகொண்டே இருக்கும். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் பொருள்களும் படிக்கத் தக்கவைதான் என்று அவனுக்குத் தெரிந்தது அங்கேதான்.

சாக்குச் சட்டை போட்டவன் என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியக் கூடாது என்று நாகலிங்கம் முடிவு செய்திருந்தார். பீனிக்ஸ் என்ற ஊரில், மேட்டு நிலத்துக் குளிரில், ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருந்தார். யாராவது கேட்டால், "நாங்கள் பீனிக்ஸ்" என்பார். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் ரூஜுக்குப் போகத் தவற மாட்டார். 1960இல் அடித்த பெரும் புயலுக்குப் பிறகு அக்காவும் மச்சான் அப்பாசாமியும் தகரம் போட்டுக் கட்டிய வீடு அது. மச்சான் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். அக்கா கரும்பில் களை எடுத்தாள். மாலையில் அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுத்தாள். போனவுடன் நேரே குசினிதான். தாழ்வான பலகை, விளிம்பு உதிர்ந்த எனாமல் குவளையில் வனிலா மணக்கும் டீ. அங்கே பேச்செல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி. அக்கா, தம்பி, மச்சான் என்ற உறவுச் சொற்கள் மட்டும் தமிழ்.

"எப்பத் தம்பி உன் காலேஜைக் காட்டப் போறே?" என்று அக்கா கேட்பாள்.

"காட்டறேன் அக்கா, காட்டறேன்."

"அவ என்ன கேக்கறா? வாத்தியார் நாற்காலியிலே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கணுமாம்" என்பார் மச்சான்.

எல்லோரும் சிரிப்பார்கள், நாகலிங்கமும் சிரிப்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அந்த ஆண்டு குளிர்காலத்தில், கரும்பு வெட்டு தொடங்கிய சமயம், நகரத்து வணிகர் சிலர் சேர்ந்து கல்லூரிகளுக்கு ஒரு பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு: 'எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பொருள்'. குழுவாக எழுதலாம், ஒருவர் பேச வேண்டும், ஆங்கிலத்தில். நாகலிங்கத்துக்கென்றே வைத்தது போல இருந்தது. முதல்வர் அவரை அழைத்தார்.

"உங்கள் லண்டன் முறைக்கு இது பரீட்சை. பரிசு வந்தால் வகுப்பு இப்படியே நடக்கட்டும். வராவிட்டால் அடுத்த தவணையிலிருந்து இலக்கணப் புத்தகம். சரிதானே?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை மேசைக்கு ரேடியோ விளம்பரம் வந்தது, மின்சார இஸ்திரிப் பெட்டியின் படம் வந்தது, பவுடர் டப்பா வந்தது. தெய்வானை தன் முறை வந்ததும் எழுந்து வந்து, மடித்த துணி ஒன்றை வைத்தாள். பழைய உள்பாவாடை. விரித்தபோது மங்கிய நீலத்தில் எழுத்து தெரிந்தது: மாவு, எடை, ஆஸ்திரேலியா.

பிறகு பின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். சிரிப்பு காட்டுத்தீயாகப் பரவியது. தெய்வானை முகம் சிவந்தாலும் நகரவில்லை.

"இது என் அம்மாவோடது. எங்க ஊர்லே எல்லா வீட்டிலேயும் இருந்தது" என்றாள்.

"எங்க வீட்டிலே இல்லைப்பா" என்றது ஒரு குரல்.

"பொய் சொல்லாதே, உன் பாட்டியைக் கேட்டுப் பாரு" என்றது இன்னொன்று.

எடி கையைத் தூக்கினான். அவன் கேள்வியில் விஷமம் இல்லை. சிரிப்பை அடக்கி வகுப்பைத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. "சர், நீங்க போர்க்காலத்திலே சின்னப் பிள்ளைதானே? உங்க வீட்டிலே யாராவது இதைப் போட்டிருக்காங்களா?"

முப்பது முகங்கள் அவரை நிமிர்ந்து பார்த்தன. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பெண்ணின் முகச் சிவப்பு தணியும். நாகலிங்கம் சுண்ணக்கட்டியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"இல்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை" என்றார்.

தெய்வானை அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து பாவாடையை மடித்தாள்.

ஆனால் எந்தப் பொருளைப் பற்றி எழுதுவது என்று வகுப்பே கை தூக்கி முடிவு செய்வதுதான் வழக்கம். வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அவரே. இஸ்திரிப் பெட்டி தோற்றது. மாவுச் சாக்கு வென்றது. தெய்வானை, எடி, இன்னும் இருவர் குழுவானார்கள். வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் போர்க்காலத்துக் கதைகளைக் கேட்டு வந்தார்கள். எங்கே போனார்கள் என்று நாகலிங்கம் கேட்கவில்லை. தெய்வானையின் ஊர் எது என்பதுகூட அவருக்கு நினைவில் இல்லை.

முதல் ஒத்திகையில் தெய்வானை பேசினாள். மற்றவர்கள் கடைசி வரிசையில். சாக்கு எப்படிக் கப்பலில் வந்தது, எப்படிக் கொதிக்க வைத்தார்கள், எந்த மாதிரி நூலால் தைத்தார்கள் என்று அழகாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு நடுவில் திரும்பியது.

"தேர் ரூஜில் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய ரவிக்கை மாவுச் சாக்கில் தைத்தது. அதன் முதுகில் நீல எழுத்து. கரும்புத் தோட்டத்துப் பாதையில் அவர் முன்னே போக, அவர் தம்பி பின்னே நடந்து பள்ளிக்குப் போவான். 'என் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?' என்று அவர் கேட்டார். எழுத்துக்கூட்டத் தெரியாத தம்பி, 'உன் பேர்தான் அக்கா' என்றான். அவர் நம்பினார். எல்லோரும் தம் பெயரைப் படிக்கட்டும் என்று கோயிலுக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார். கடைக்காரர் சொல்லிச் சிரித்த பிறகுதான் அது ஒரு தேசத்தின் பெயர் என்று தெரிந்தது. 'கோபம் வரவில்லையா?' என்று கேட்டோம். 'எதற்குக் கோபம்? அவன் வாசித்த முதல் வார்த்தை என் பெயர்தானே' என்றார்."

நாகலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்தப் பொய்யை அவர் மறந்தே போயிருந்தார். அக்கா அதை இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்து, யாரோ பிள்ளைகளிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெயரைச் சொன்னாளா? தம்பி இப்போது எங்கே என்று சொன்னாளா? கேட்டால் அந்தக் கேள்வியே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"அந்தப் பத்தி வேண்டாம்" என்றார்.

"சர்!" என்று கடைசி வரிசையிலிருந்து எடி எழுந்தான். "அதுதான் சர் நல்ல இடம்! பொருளைப் பத்திப் பேசினா போதாது, ஆளைக் கொண்டுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீளம் அதிகம்."

"நூல் பத்தின இடத்தை வெட்டிடலாம் சர். நூலைப் பத்தி யாருக்கு அக்கறை?"

"எடி, நான் சொன்னால் சொன்னதுதான்."

அவர் அந்த வகுப்பில் அப்படிச் சொன்னதே இல்லை. எடி உட்கார்ந்தான். தெய்வானை தாளை மடித்துக்கொண்டே, "இன்னும் ஒரு வாரம் இருக்கே சர். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்தது கெஞ்சலா, அழைப்பா என்று அவருக்கு விளங்கவில்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை பிற்பகல். மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் வணிகர்கள், முதல்வர்கள், பின்னால் பெற்றோர். தெய்வானை மேடை ஏறியபோது, உள்ளங்கை தூக்க எடி தயாராக இருக்கிறானா என்று நாகலிங்கம் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எடி இருந்தான். அவன் பக்கத்தில், கோயில் திருவிழாவுக்குக் கட்டும் மஞ்சள் புடவையில், கைப்பையை மடிமேல் நிறுத்தி, பாக்கியம் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சில் ஒரு சொல்கூட அவர் காதில் ஏறவில்லை. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தும் எதையோ எதிர்பார்ப்பவள் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கைதட்டல் எழுந்தபோது அவளும் தட்டினாள், கொஞ்சம் தாமதமாக.

இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர், "மிக நன்றாகக் கட்டிய பேச்சு. பொருள் கண்முன் நிற்கிறது. ஆனால் அதை உடுத்திய ஆளை நான் தேடிக்கொண்டே இருந்தேன்" என்றார்.

முற்றத்தில் முதல்வர் க்ளெமான் நாகலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "இரண்டாம் பரிசு, மிஸ்யே வீரசாமி! லண்டன் வாழ்க!" அப்போது எடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்; பின்னால் தெய்வானை; அவள் கையைப் பிடித்தபடி பாக்கியம்.

"சர், இவங்கதான் தேர் ரூஜ் தாந்தீன்" என்றான் எடி. அத்தை முறைக்காரர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "நாங்க கேட்ட கதையிலே பாதி இவங்க சொன்னதுதான். நாங்கதான் கூப்பிட்டோம்."

பாக்கியத்தின் முகத்தில் சிரிப்பு பாதி விரிந்திருந்தது. 'தம்பி' என்ற சொல் உதடுவரை வந்திருந்தது. நாகலிங்கத்துக்கு அது கண்ணாலேயே தெரிந்தது. முதல்வர் பக்கத்தில் நின்றார். நாகலிங்கம் குதிகால்களைச் சேர்த்து, தலையைச் சிறிது குனிந்தார்.

"போன்ஸூர், மதாம்" என்றார், முன்பின் அறியாத ஒரு சீமாட்டிக்கு வணக்கம் சொல்வதைப் போல.

விரிந்த சிரிப்பு அப்படியே நின்றது. அணையவில்லை, மேலே விரியவும் இல்லை. பாக்கியம் கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"போன்ஸூர், மிஸ்யே. பிள்ளைங்க நல்லாப் பேசினாங்க."

"மதாமுக்கு ஆங்கிலம் தெரியுமா?" என்று முதல்வர் அன்போடு கேட்டார்.

"தெரியாதுங்க மிஸ்யே. தேர் ரூஜ்னு பேரு வந்தா, அது என்னைப் பத்தின்னு பிள்ளைங்க சொல்லியிருந்தாங்க. அதுக்காகக் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வரலை." பிறகு நாகலிங்கத்தைப் பார்த்து, "நேரம் போதலையாக்கும்" என்றாள்.

"ஆமாம், மதாம். நேரக் கட்டுப்பாடு."

"இருக்கும், இருக்கும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மஞ்சள் புடவை பக்கவாசல் வழியாகப் போய் மறைந்தது.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்தபின், டப்பாக்களை ஒழுங்குபடுத்தும் சாக்கில் தெய்வானை தங்கினாள்.

"சர், மன்னிச்சுக்கோங்க. உங்களைக் கேட்காம அக்காவைக் கூப்பிட்டது எங்க தப்பு."

"எந்த அக்கா?"

அந்த நேரத்திலும் அவர் வாய் அப்படித்தான் கேட்டது.

"உங்க அக்கா, சர்." தெய்வானை அவரைப் பார்க்காமல், மூடிகளை டப்பாக்களோடு சேர்த்து வைத்தபடி பேசினாள். "நானும் தேர் ரூஜ்தான். ஞாயித்துக்கிழமை நீங்க பஸ்ஸை விட்டு இறங்கி எங்க வேலியோரமாத்தானே நடந்து போறீங்க. ஊர்லே எல்லாருக்கும் தெரியும். எங்க குழுவுக்கு நான்தான் சொன்னேன். அவரு வாயாலே சொல்ல வெக்கப்படறாரு, பேரு சொல்லாம நாமளே சொல்லிடுவோம்னு எடி சொன்னான். அக்கா முன்னாடி சொன்னா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சோம். கடைசி நிமிஷம்வரைக்கும் 'சேர்த்துக்கோ'ன்னு சொல்வீங்கன்னு பார்த்தோம்."

அவள் போனபிறகு நாகலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக நினைத்திருந்தார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டே, அவர் மானத்துக்காகப் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். முற்றத்தில் அவர் 'மதாம்' என்றபோது சுற்றி நின்றவர்களில் ஏமாந்தவர் முதல்வர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும், அக்கா உட்பட, அவருக்காக நடித்தார்கள். பிள்ளைகள் நான்கு பேராகக் கூடி, வரி வரியாகக் கைமாற்றி, அவருக்கென்று ஒரு பரிசு செய்திருந்தார்கள். அதைத்தான் அவர் நீளம் அதிகம் என்று வெட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதத்து முறை இல்லை. ஆனாலும் தேர் ரூஜுக்குப் போனார். வேலியோரம் நடக்கும்போது தலை தானாகக் குனிந்தது. வழக்கப்படி குசினிப் பக்கம் திரும்பியபோது, பாக்கியம் முன்வாசலில் வந்து நின்றாள்.

"இப்படி வாங்க, மிஸ்யே. உள்ளே உட்காருங்க."

முன்னறையில் நாற்காலி போட்டிருந்தது. அதில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மச்சான் அப்பாசாமி பின்புறத்திலிருந்து ஈரக் கையோடு வந்தார்.

"அட, நீயா! ஏன் இங்கே உட்கார்ந்திருக்கே? குசினிக்கு வா."

"நீங்க கடைக்குப் போய் ஒரு லிமோனாட் வாங்கிட்டு வாங்க" என்றாள் பாக்கியம்.

"லிமோனாட்டா? இவனுக்கா?"

"விருந்தாளி வந்திருக்காங்க."

மச்சான் மனைவியைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு போனார். லிமோனாட் வந்தது. தட்டில் பூ வேலை செய்த துணி விரித்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பக்கத்தில் இரண்டு பிஸ்கட் வைத்துக் கொடுத்தாள். குறை சொல்ல முடியாத உபசாரம்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"குடிங்க மிஸ்யே, குமிழ் அடங்கிடும்."

குடித்தார். யாருக்கு டீ, யாருக்கு லிமோனாட் என்று பிள்ளைகள் எழுதிய கட்டுரைக்கு அவர் நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார். அதன் பொருள் இப்போதுதான் புரிந்தது.

ஆண்டு இறுதி விழா நவம்பரில் வந்தது. முழுப் பேச்சையும், வெட்டிய பத்தியோடு, பெற்றோர் முன்னால் பேசும்படி தெய்வானையிடம் கேட்டார். அவள் மறுத்தாள்.

"அந்தப் பத்தி எங்களுது இல்லை சர். அதை நீங்கதான் பேசணும்."

அவர் தேர் ரூஜுக்குப் போய் அக்காவை அழைத்தார். "அன்னிக்கு வேலை இருக்கே, மிஸ்யே" என்றாள். ஆனாலும் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைக்கச் சொன்னார்.

பிறருக்கு மேடைப் பேச்சு சொல்லிக் கொடுத்தவர் தாம் மேடை ஏறியதில்லை. "தேர் ரூஜில் ஒரு பெண்மணி இருக்கிறார்" என்று தொடங்கியபோது குரல் சட்டைக் காலரைத் தாண்டவில்லை. கடைசி வரிசையில், காலி நாற்காலிக்குப் பக்கத்தில், எடியின் உள்ளங்கை மேலே எழுந்தது. நாகலிங்கம் மறுபடி தொடங்கினார். "தேர் ரூஜில் என் அக்கா இருக்கிறார். அவர் பெயர் பாக்கியம். இந்தக் கல்லூரியின் முற்றத்தில் இல்லாவிட்டாலும், இந்த நகரத்தின் ஒரு முற்றத்தில், நான் அவரை மதாம் என்று அழைத்தேன்." உள்ளங்கை கீழே இறங்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். கைதட்டினார்களா என்று பின்னால் நினைத்துப் பார்த்தால் அவருக்கு நினைவில்லை.

விழா முடிந்ததும் முதல்வர் க்ளெமான் வந்தார். "அந்த லண்டன் புத்தகம்?" என்று கேட்டார்.

"அப்படி ஒரு புத்தகம் இல்லை, மிஸ்யே."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அதை இரவல் கேட்க வேண்டும் என்று இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வகுப்பை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பின் அவர் நாகலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கவும் இல்லை.

பேசியதைத் தெய்வானை அன்றே ஊரில் போய்ச் சொல்லியிருந்தாள். மறு ஞாயிறு நாகலிங்கம் போனபோது, "பேசினீங்களாமே, பிள்ளை சொல்லுச்சு" என்றாள் பாக்கியம். அவ்வளவுதான். தட்டு வந்தது, துணி வந்தது, லிமோனாட் வந்தது. நாலு பேர் கேட்கப் பேசுவது அவர் தொழில். அவள் காதில் விழாத பேச்சுக்கு அவள் ஏன் மதிப்புத் தர வேண்டும்? அவர் அதை ஒப்புக்கொண்டார்.

மாதந்தோறும் போனார். முன்னறை, நாற்காலி, லிமோனாட். "உன் புண்ணியத்திலே எனக்கும் அரை டம்ளர் கிடைக்குது. அடிக்கடி வா" என்று மச்சான் கேலி செய்வார். தெய்வானை படிப்பை முடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள். எடி வானொலியில் விளம்பரம் வாசிக்கும் வேலைக்குப் போனான். ஒரு லிமோனாட் விளம்பரத்தில் அவன் குரலைக் கேட்டு நாகலிங்கம் ரேடியோவை அணைத்துவிட்டார்.

1968 மார்ச் பன்னிரண்டு, தீவுக்குச் சுதந்திரம். ஜனவரியில் நகரத்தில் நடந்த கலவரத்தின் பயம் இன்னும் போகவில்லை. தெருவில் கொண்டாட்டம் குறைவு, கடைகளெல்லாம் கதவடைத்திருந்தன. பஸ் கிடைத்ததே பெரிது. நாகலிங்கம் தேர் ரூஜில் இறங்கி நடந்தார். முன்னறையில் மச்சான் ரேடியோவுக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கொடி ஏறிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"லிமோனாட் வாங்கணுமே" என்று மச்சான் எழுந்தார்.

"கடை மூடியிருக்கு" என்றாள் பாக்கியம்.

குசினியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வனிலா மணம். அவள் வந்தபோது கையில் தட்டு இல்லை, பூத்துணி இல்லை. விளிம்பு உதிர்ந்த எனாமல் குவளையை நேராக அவர் கையில் கொடுத்தாள்.

"சூடா இருக்கு. பார்த்துக் குடி."

கடை திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. குவளையை எடுத்துக்கொண்டு எழுந்து, குசினிக்குப் போய், தாழ்ந்த பலகையில் உட்கார்ந்தார். எழுந்து போகும்படி அவள் சொல்லவில்லை.